மாப்பிள்ளை தொட்ட பேட்டரி

கோட்டைக்குப்பத்தில் நண்டு வாங்கிப் பொன்னேரியில் விற்கும் தனக்கோடி அக்கா யாரையும் நம்ப மாட்டாள். தராசு அவளுடையதுதான், அதையும் தட்டிப் பார்த்துத்தான் நிறுப்பாள். பக்கத்து வீட்டுக்காரியான என் குழம்பு வாசனையைக்கூட மோந்துவிட்டு, "இன்னாடி, பெரிய நண்டா?" என்று கேட்டவள்.

அப்படிப்பட்டவள் சென்னையில் ஒரு பழைய ஹைப்ரிட் கார் வாங்கினாள். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் வண்டி. பின்சீட்டை மடக்கி, ஈரச் சாக்குகளில் உயிர் நண்டு ஏற்றுவாள். சீட்டு ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம் இரைந்துகொண்டே இருக்கும். காற்று பட்டால் நண்டு செத்துவிடும், செத்த நண்டை எவன் வாங்குவான்? அக்கா அதில் ஒரு ஈரச் சாக்கைத் திணித்து வைத்தாள்.

மகள் மோகனப்பிரியா மாசமாக இருந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மாப்பிள்ளை உதயகுமார் ஒரு நாள் காரை வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது திணித்த சாக்கு வெளியே கிடந்தது.

"அத்தே, அந்தச் சாக்கு..." என்று ஆரம்பித்தான்.

"சாவிய வெச்சிட்டுப் போங்க" என்றாள் அக்கா. அவன் போனதும் சாக்கை மறுபடி திணித்தாள்.

அடுத்த மாதமே டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. சார்ஜ் ஏறிய வேகத்தில் இறங்கியது. அக்காவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "நல்ல பேட்டரிய வித்துட்டு செத்தத வெச்சிட்டான்!" என்று சம்பந்தி வீட்டு வாசலில் நின்று கத்தினாள். தலைப்பிரசவத்துக்கு வரவிருந்த மகள், "இனி உன் வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையின் திருட்டை நிரூபிக்கத்தான் அக்கா பொன்னேரி எலக்ட்ரீஷியன் தானியேலிடம் போனாள். துணைக்கு நான். தானியேல் முதலில் முன்னாலிருந்த சின்ன பேட்டரியைச் சோதித்தான், அதில் பழுதில்லை. ஸ்கேனர் மாட்டினான். பின்சீட்டுக்கு அடியில் இருந்த பெரிய பேட்டரியின் நடுக் கட்டங்கள் மட்டும் சூடேறி வோல்ட் குறைந்திருந்தன. சீட்டைக் கழற்றி மூடியைத் திறந்தான். அக்கா அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போல்ட்ட பாருக்கா. கம்பெனில போட்ட மை கோடு அப்டியே கீது. ஸ்பானரே படல. எவனும் மாத்தல."

பிறகு துவாரத்திலிருந்து சாக்கை உருவினான். உள்ளே ஃபேன் முழுக்கச் சணல் நாரும் உப்பும். "பேட்டரி சூடு தணிய இந்த வழியாத்தான் காத்து இழுக்கும். எந்தப் புண்ணியவான் இத அடச்சது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது. அங்கேயே உதயகுமாருக்குப் போன் போட்டாள்.

"மாப்ள, அன்னிக்கி அந்தச் சாக்க ஏன் எடுத்தீங்க?"

"அடச்சி வெச்சா பேட்டரி கெட்டுடும்னுதான் அத்தே. சொல்லத்தான் வந்தேன், நீங்க எங்க பேச வுட்டீங்க?"

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று அந்த ஷெட்டில் நின்று அழுதாள். எனக்கே பாவமாக இருந்தது.

"தப்பு எம்மேலதான் மாப்ள. எம் பொண்ண இட்டுக்கினு வாங்க. காரு சரியானதும் அனுப்புறேன், நீங்களே ஓட்டிக்கினு வாங்க."



"இட்டுக்கினு வர்றேன் அத்தே. பஸ்லயே வர்றோம். உங்க வண்டிய நான் தொடமாட்டேன்."