அப்பா கொடுத்த லட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறிய பேருந்து என்னைக் கரியாலூரில் இறக்கிவிட்டுப் போகிறது. விஏஓ அலுவலக வாசலில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு ஒரு மினி லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.

ஜெர்மனியில் மார்ட்டினை மணக்க, நான் கல்யாணமாகாதவள் என்று இங்கிருந்து சான்று வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பச்சையம்மா அக்கா வந்திருக்கிறார். பேனாவைப் பிடித்தபடி யோசிக்கிறார்.

"ஒனக்கு அங்கியே கண்ணாலம் ஆயிடுச்சின்னு ஒங்கப்பா வூடு வூடா லட்டு குடுத்தாரே, பாப்பா."

எனக்கு இது புதிது. மார்ட்டினோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவிடம் போனில் சொன்னேன். "சாப்டியா" என்று மட்டும் கேட்டார். போன தை மாதம் இறந்துவிட்டார். போனில் சொன்ன அன்றைக்கே வந்து இந்தக் காகிதத்தை வாங்கியிருந்தால் அந்த லட்டு உண்மையாகியிருக்கும்.

"அப்பிடி ஒண்ணும் நடக்கலக்கா."

"அப்ப அவரு சொன்னது பொய்யா?"

விஏஓ நிமிர்ந்து பார்க்கிறார். "ஊர்ல அப்பிடிப் பேச்சு இருந்தா, அது உண்மையில்லன்னு ஒரு வரி எழுதணும்ங்க."

அக்கா பேனாவை என்னிடம் நீட்டுகிறார். "அத நீயே எழுது. நான் கீழ கையெழுத்து போடறன்."

எனக்குத் திருமணம் நடந்ததாக என் தந்தை கோவிந்தன் சொன்னது உண்மையல்ல என்று எழுதுகிறேன். விஏஓ வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்.

"அப்பா பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு சேத்துடுங்க."

அந்தச் சொல்லுக்கு நான் இடம் விட்டிருக்கவில்லை.