திரும்பிப் பார்க்காத டிரைவர்

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளை நம்பித்தான் என் டீக்கடை. அந்த வரிசையில் வந்த டிரைவர் அவர். நரைத்த மீசை, காதில் செருகிய பீடி, கூடவே சங்கிலி இல்லாத ஒரு கறுப்பு நாய். வரிசை நகர்ந்தால் டம்ளரை வைத்துவிட்டு நடப்பார். நாயைக் கூப்பிடவும் மாட்டார், திரும்பிப் பார்க்கவும் மாட்டார். அவர் கதவைத் திறப்பதற்குள் அது படியருகே நிற்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. என் நாய் மணியை அவிழ்த்துவிட்டால் தண்டையார்பேட்டை வரைக்கும் துரத்த வேண்டும்.

"திரும்பிக்கூடப் பாக்க மாட்ற. அது எங்கனா பூட்ச்சின்னா இன்னாண்ணா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"நா அத்தப் பாத்துகினே இருந்தா, அது இன்னாத்துக்கு நைனா என்னப் பாக்கணும்?"

மறுநாளும் வரிசை தீரவில்லை. அவர் டீயை முடித்து லாரிக்குக் கிளம்பிய நேரம், நான் மணியை அவிழ்த்துவிட்டு, அவர் மாதிரியே திரும்பிப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே மனசு கேட்காமல் திரும்பினேன்.

மணி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கறுப்பு நாயோடு சேர்ந்து, அவர் பின்னால். அவர் வழக்கம்போலத் திரும்பவில்லை. என் நாய் பின்னால் வந்ததே அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.