வரப்பில் நின்றவள்

எங்கள் குடும்பத்திலேயே குழந்தைப் பருவம் என்ற ஒன்று முதன்முதலில் எனக்குத்தான் வாய்த்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அம்மா எட்டு வயதில் ஊரார் வயலில் நாற்றுமுடி சுமந்தவள். அந்தக் காலத்தில் எட்டு வயது என்றால் அரை ஆள், கழுதை மாதிரி வளர்ந்துவிட்டாள் என்று சொல்லி வேலைக்கு இழுத்துக்கொண்டு போவார்களாம். அதே எட்டு வயதில் நான் பச்சைப்பிள்ளை. என்மேல் வெயில் படக்கூடாது, சேறு படக்கூடாது.

காலாண்டு லீவு விடும்போது சம்பா நடவு தொடங்கியிருக்கும். அப்பா திருப்பூரில் வேலையில் இருந்தார். அம்மாவும் சின்னம்மாவும் பழையதைத் தூக்கில் எடுத்துக்கொண்டு விடிந்ததும் போய்விடுவார்கள். எனக்கு இட்லி, டிவி, படி தாண்டக் கூடாது என்ற உத்தரவு. தெருவில் மற்ற பிள்ளைகளும் அவரவர் வீட்டுக்குள் இதே மாதிரி பத்திரமாக இருந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கோழியோடு பேசுவேன். அதுவும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும்.

சாயங்காலம் இருவரும் முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு, வயலில் யாரோ சொன்ன கதைக்கு இன்னும் சிரித்துக்கொண்டே வருவார்கள். என்ன கதை என்று கேட்டால் உனக்குப் புரியாது, போய்ப் படி என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிரிப்புக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை.

அதற்காகக் கொல்லையில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, புல்லைப் பிடுங்கிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுப் பழகினேன். வரிசை ஓரளவு நேராக வந்த அன்று, உத்தரவை மீறி வாய்க்காலைத் தாண்டி அவர்கள் நட்டுக்கொண்டிருந்த வயலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகினேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கேயே நில்லு. சேத்துல கால வைக்காத."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது நிலத்துக்காரரோ வெளியாளோ வந்தால், ஒரு நாற்றுமுடியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். சேற்றில் நிற்பவர்களுக்கு அதை வைப்பதில்லை, வரப்பில் நிற்பவர்களுக்குத்தான்.

சின்னம்மா ஒரு முடியோடு கரையேறி வந்தாள். என் வெறுங்காலுக்கு முன்னால் அதை வைத்துக் கையைக் கூப்பினாள்.

"மொதலாளியம்மா வந்திருக்கீங்க. ஏதாவது குடுத்துட்டுப் போங்க."

வயலே சிரித்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். இவள் நம்ம புள்ளடி, முடியை எடு என்று அம்மா ஒரு வார்த்தை அதட்டினால் போதும் எனக்கு. அம்மாவோ எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. சேற்றுக்கை என்பதையும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என்னிடம் காசு ஏது? தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி நாற்றின்மேல் வைத்தேன். சின்னம்மா அதைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். எத்தனை முதுகுகள், ஒரு முகம்கூட இல்லை. பெற்ற தாயே என்னை வெளியாளாக்கிவிட்டாள் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த அழுகையை நான் வெகுகாலம் விடவில்லை. எனக்கு வேலை கிடைத்து, முதன்முறை ஊருக்குப் போன அன்றுதான் சின்னம்மா சொன்னாள். அதே வயலில், அதே வயதில், ஒருநாள் அம்மாவிடம் நாற்றுமுடியைக் கொடுத்துப் போய் வைக்கச் சொன்னார்களாம். வரப்பில் நின்றது நிலத்துக்காரர் வீட்டுப் பெண், அவளுக்கும் எட்டு வயதுதான். அம்மா வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் சேறு படாத காலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.