வியாழக்கிழமை மரிசோலுக்கு

மரிசோல் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போதுதான் தர்சினி போன் செய்தாள்... "அண்ணை, உங்களுக்கு இன்னும் கோவமோ தெரியாது. ஆனா சொல்லாமல் விடேலாது."

கோபம்தான். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

தெரியாதவர்களுக்கு... மரிசோல் எக்குவடோரில் நர்ஸாக இருந்தவள். இங்கே இத்தாலியில், பலேர்மோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தாய்-சேய் நிலையம். ஸ்பானிஷ் பேசும் தாய்மாருக்கு அவள், தமிழ்த் தாய்மாருக்கு நான். இருவருக்கும் தாய்மாருக்கு ஆலோசனை சொல்லும் ஒரே வேலை, ஒரே அறை.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அவளுடைய ஆட்களுக்கும் அதே, எங்கள் ஆட்களுக்கும் அதே. வியாழனை அவள் பிடித்துக்கொண்டாள். எனக்குச் செவ்வாய் காலை... யார் வருவார்கள்?

வியாழனில் அந்த அறை திருவிழா. ஸ்பானிஷ் பாட்டு, அவித்த சோளம், ஊசிக்கு அழும் பிள்ளைகள். ஞாயிறுகளில் அவளுடைய ஆட்கள் வாலிபால் விளையாடும் இடத்துக்கே தராசைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை நிறுப்பாள்.

வியாழனில் என்னை அங்கே கண்டால், "புரொபெசோரே, இன்றைக்குச் செவ்வாய் இல்லையே" என்பாள். பேராசிரியராம் நான். எல்லாருக்கும் முன்னால்.

அப்படியொரு வியாழனில்தான் தர்சினி கைக்குழந்தையோடு வந்தாள். பால்மாவை மாற்றலாமா என்று கேட்க வந்தாளாம். பிள்ளைக்கு வாந்தி, வயிற்றோட்டம். கண் உள்ளே போயிருந்தது. அழக்கூட இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.

"நாளைக்கு வெள்ளிதானே அண்ணை. நாவூறு கழிச்சுப்போட்டுக் கொண்டுபோறன். கழிக்காட்டி மருந்து பிடிக்காது."

கண்ணூறு அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று விளக்கினேன். பிறகு கத்தினேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

மரிசோல் தன் வரிசையை விட்டு எழுந்து வந்தாள். பிள்ளையின் உச்சிக்குழியில் விரல் வைத்தாள். பள்ளமாக இறங்கியிருந்தது. என்ன சொல்கிறாள் இவள் என்று என்னிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன்.

மேசை லாச்சியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தாள். அவளுடைய தாய்மார் கண்ணூறுக்குப் பிள்ளையின் மேல் முட்டை உருட்டுபவர்கள். அதற்காகவே தெர்மாமீட்டர் பக்கத்தில் எப்போதும் ஒன்று வைத்திருப்பாள்.

"முட்டைக்கு நாள் பார்க்கத் தேவையில்லை என்று சொல், புரொபெசோரே."

பொய். அவர்களும் செவ்வாய், வெள்ளி பார்ப்பவர்கள்தான். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே தமிழில் சொன்னேன்.

தலையிலிருந்து கால்வரை மெதுவாக உருட்டினாள்... தர்சினி முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப கொண்டு போகலாமோ?"

அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். கேட்டது அவளிடம்.

என் போன் பேச்சைக் கேட்டு மரிசோல் பொறுக்கிக்கொண்ட தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று. "ஓம்" என்றாள்.

டாக்சியில் மூன்று பேரும் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு போனோம். சேலைன் ஏற்றினார்கள். பொழுதுபட்ட பிறகுதான் பிள்ளை அழுதான். நல்ல சத்தமாக.

அடுத்த கிழமையே கேட்டேன், வியாழனில் பாதியாவது எங்களுக்குத் தா என்று. தரவில்லை. ஆள் வருவதில்லை என்று நிலையத்தில் கூட்டம் வைத்து என் செவ்வாயை மூடினார்கள். அந்தக் கூட்டத்தில் மரிசோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் எடுத்த பட்டம் சுவரில் தொங்குகிறது. நான் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிப் பிழைக்கிறேன். அதன்பிறகு அவளோடு நான் கதைக்கவில்லை.

அடக்கம் வியாழன் பின்னேரமாம். வேலைக்குப் போகும் பெண்கள் வரவேண்டும் என்று அவளே சொல்லிவைத்தாளாம். தர்சினி மகனையும் கூட்டிக்கொண்டு போகிறாள்.

நானும் வருகிறேன், மரிசோல். வியாழன் உன்னுடையதுதான்... வைத்துக்கொள்.