மூன்று நிமிடத்துக்கு அப்பால் விழுந்த பெயர்

என் மனைவியின் தம்பி பேருந்து நடத்துநர். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே தடம், ஒரே விசில். எந்தப் பயணி எங்கே இறங்குவார் என்பது பயணிக்கு முன்பே அவருக்குத் தெரியும். தூங்கிவிட்டவரைத் தோளில் தட்டி இறக்கிவிடுவார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். கவிதை என்று வாழ்நாளில் ஒரு வரியும் எழுதியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நிலைநாட்ட நான் ஐந்து வாரம் போராடியிருக்கிறேன். அதற்கான தாள்கள் எல்லாம் என் கோப்பில் உள்ளன.

அக்காவைப் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்த மாலையில்தான் ஊரடங்கு அறிவிப்பும் வந்தது. பேருந்துகள் நின்றன. ஒரே சட்டையோடு வந்தவர் என் சட்டைகளில் வாழத் தொடங்கினார். மறுவாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. என்னைப் பின்னறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். காய்ச்சல் போயிற்று, குரலையும் கூடவே கொண்டுபோயிற்று. இருமல் ஓயாததால் மருத்துவர் தொலைபேசியிலேயே என் தனிமையை நீட்டித்துக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இணையவழிக் கவிதை வாசிப்பு தொடங்கியது. ஐந்து ஞாயிறுகள், மாலை ஐந்து மணி, முடிவில் அச்சில் ஒரு தொகுப்பு. நான் குழாய்க் கிடங்கில் சரக்குப் பதிவாளன். பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு ஆசிரியர் இல்லாமல் யாப்புப் பயின்று நூற்று நாற்பது கவிதைகள் எழுதியிருந்தேன். ஒன்றுகூட வெளியார் காதில் விழுந்ததில்லை. ஆகவே தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். நடத்துநர் கூடத்தில் தம் கைபேசியின் முன் அமர்ந்து வாசித்தார். தாளின் அடியில் என் பெயரை எழுதியிருந்தேன்.

வாசிப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஒருவருக்கு மூன்று நிமிடம். மணி அடித்ததும் ஒலியை நிறுத்திவிடுவார். நான் வாசித்தால் அந்தக் கவிதை இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. நடத்துநரோ ஒவ்வொரு வரி முடிவிலும் வண்டியை நிறுத்தினார். இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறும்வரை காத்திருந்தார். மூன்று நிமிடம் நான்கு நொடி ஆயிற்று. என் பெயர் அந்த நான்கு நொடியில் இருந்தது.

திரையில் தெரிந்தது அவர் முகம். பாராட்டும் அவருக்கே போனது. ‘கண்டக்டர் கவிஞர்’ என்று பட்டமும் சூட்டிவிட்டார்கள்.

நான் ஆசிரியைக்கு எழுதி விளக்கினேன். முதல் வாரமே வேறொரு கவிதைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடியதாகவும், ஆகவே வாசிப்பில் ஒலித்தது மட்டுமே பதிவாகும் என்றும் பதில் வந்தது. ஒழுங்கான பதில். அதையும் கோப்பில் சேர்த்தேன்.

அடுத்த மூன்று வாரமும் இதே கதை. கவிதையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. நடத்துநரை விரைந்து வாசிக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினேன். முயன்றார், ஆனால் விசில் கேட்காமல் வண்டியை எடுக்க அவரால் முடியவில்லை. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நான்காவது வாரம் மனைவிக்கு எழுதித் தள்ளினேன்.

“என் தம்பியப் பாம்புங்கறீங்களா? உங்க சட்டையப் போட்டுக்கிட்டிருக்கான், அவ்வளவுதான். பேர முதல்லயே எழுதித் தொலைச்சா என்னவாம்?”

கையொப்பம் அடியில்தான் வரும் என்று பதில் எழுதினேன். கதவுக்கு அப்பால் இருவரும் சிரித்தார்கள்.

அன்றே தொகுப்பின் பொருளடக்கம் வந்தது. என் நான்கு கவிதைகளுக்கும் எதிரே அவர் பெயர். இனி ஒரே ஒரு ஞாயிறுதான். வாழ்வில் முதல்முறையாகப் பெயரைத் தாளின் தலைப்பில் எழுதினேன். அந்த ஞாயிறு ஐந்து மணிக்குத் தாள் போனது. அதை அவர் பிரிக்கும் ஒலியே கேட்கவில்லை.

“நாலு வாரமா நான் படிச்சது எதுவும் என்னோடது இல்லைங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் எழுதினது. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. குரல் இல்ல. ஞாயித்துக்கிழமையானா கதவுக்கு அடியில ஒரு தாள் வரும். மடிப்பக்கூட ஸ்கேல் வச்சு மடிச்சிருப்பாரு. நான் எடுத்ததும் உள்ள நாற்காலி நகர்ற சத்தம் கேக்கும். கதவுகிட்ட வந்து உக்காருவாரு. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இருமல அடக்கிக்கிட்டிருப்பாரு. நீங்க கைதட்டினப்புறம்தான் இருமுவாரு.”

ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் வண்டி நின்றது. பிறகு என் பெயரை, என் தந்தையார் பெயரோடு சேர்த்து, கடைசி நிறுத்தத்தை அறிவிப்பதுபோல் இரண்டு முறை சொன்னார். அதன் பின்னர்தான் மணி அடித்தது. நான் அன்று இருமவே மறந்துபோனேன்.

ஐந்தாவது கவிதை வாசிக்கப்படாமலே போனது. அது இன்னமும் கோப்பில்தான் இருக்கிறது.

தொகுப்பு வந்தது. முப்பத்தொன்று முதல் முப்பத்தெட்டாம் பக்கம் வரை என் கவிதைகள், என் பெயரில். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் நடத்துநர் பேசியது, அவர் நிறுத்திய இடங்களில் வரி பிரித்து, அவர் பெயரில். ஒலித்ததே பதிவு என்ற விதியை ஆசிரியை மீறவில்லை. அந்தப் பக்கத்தை நான் யாப்பு வழியில் சோதித்தேன்; எந்தப் பாவிலும் அடங்கவில்லை. அவர் எழுதவும் இல்லை, பேசினார். ஆகவே என் முதல் பத்தியைத் திருத்த வேண்டியதில்லை.

தொகுப்பைப் படித்துவிட்டுப் பதினொரு பேர் கடிதம் எழுதினார்கள். ஒன்பது பேர் முப்பத்தொன்பதாம் பக்கத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள். பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு நடத்துநர் ஒருநாள் என் சட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். எனக்கும் ஏதாவது கடிதம் வந்ததா என்று விசாரித்தார். இரண்டு என்றேன், குரல் திரும்பியிருந்தது.

“இருக்கட்டும் மாமா. ரெண்டு பேர் ஏறினாலும் வண்டிய எடுத்துத்தான் ஆகணும்.”