கறுப்புப் பெயிண்ட் பூசிய டீசல் குழாய்

என் மேசை மேல் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடக்கிறது. அத்தையின் மீன் வண்டிக்கு அடியிலிருந்து நான் அறுத்தெடுத்தது. பார்வைக்குப் புதிது போல் பளபளக்கும் கறுப்பு. கையில் எடுத்தால்தான் அதற்கு எடையே இல்லை என்பது தெரியும்.

அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இருந்த நாளில் இறால் கொட்டகையில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து விரல் இடுக்குகள் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும். சோற்றில் கை வைத்தால் முகம் சுளிப்பாள். மாமா இறந்த பிறகு, அவர் ஓட்டிய டீசல் வேனை விற்கச் சொன்னவர்களை விரட்டிவிட்டு, தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். காசிமேட்டில் மீன் ஏற்றி, கொருக்குப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் கடை கடையாக இறக்குவாள். "இன்னா டிரைவரம்மா, லைசன்ஸ் கீதா?" என்று ஏலக்காரர் ஒருவர் தினமும் சீண்டுவார். "கீது நைனா. உனுக்கு மீசை கீதே, அத்த வெச்சிகினு நீ இன்னா ஓட்ற?" என்பாள். ஸ்டீயரிங் பிடித்த பிறகுதான் அவள் விரல்கள் ஆறின. "செத்தாலும் இனிமே அந்தக் கொட்டாயில போய்க் குந்த மாட்டேன்" என்று அடிக்கடி சொல்வாள். அந்த வண்டியின் பேரில் அவள் வைத்திருந்த ஆசை அது ஒன்றுதான்.

மீன் வண்டியை அரிப்பவை எவை என்று ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த என்னைக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன். துறைமுகக் காற்று. தரையில் தேங்கும் உப்புத் தண்ணீர். பெட்டிகளிலிருந்து உருகி, பலகை இடுக்கு வழியாக அடிச்சட்டத்தில் சொட்டும் ஐஸ் தண்ணீர். நான்காவதாக ஆயுத பூஜையையும் சேர்த்துக்கொள்வேன். எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் பூஜைக்கு முந்தின நாள் வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். அத்தை சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சட்டம், டீசல் குழாய், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் என்று எதையும் விடாமல் பூசுவாள். துருவைச் சுரண்டிவிட்டு அடிக்கச் சொன்னால், "பூஜையும் அதுவுமா வண்டிய சொறிஞ்சிகினு குந்துவாங்களாடி? வண்டி அழகாக் கீதான்னுதான் சாமி பாக்கும்" என்று சிரிப்பாள். ஒவ்வோர் ஆண்டும் துருவின் மேல் ஒரு பூச்சு ஏறியது. கடைசியில் டீசலைத் தாங்கிக்கொண்டிருந்தது இரும்பல்ல, பெயிண்ட்தான்.

முதலில், காலையில் வண்டி கிளம்ப அடம்பிடித்தது. டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று புகுந்துவிட்டது. ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால் ஓடும். பாலம் ஏறும்போது நின்றுவிடும். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, பெட்டிகளில் மீன் வெந்துகொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தெருமுனை மெக்கானிக் அண்ணனும் வண்டிக்கு அடியில் படுத்தோம். அரித்த பாகத்தை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நல்ல குழாய் வந்த இடத்தில் ரப்பர் ஹோஸ் மாட்டி கிளிப் போட வேண்டும். பாடத்தில் அவ்வளவுதான். நான் அறுத்தேன், முனை நொறுங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளி அறுத்தேன். அதுவும் நொறுங்கியது. நல்ல இரும்பைத் தேடிக்கொண்டே போய் டேங்க் வரைக்கும் போய்விட்டேன். நல்ல இரும்பு வரவே இல்லை.

"குழாய் முழுசாப் புதுசு போட்டுடலாம் அத்த" என்றேன். அப்போது அண்ணன் சுத்தியலால் அடிச்சட்டத்தை லேசாகத் தட்டினார். சத்தம் எழவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"பைப்பு புச்சா வாங்கிக்கலாம்க்கா. அந்தப் பைப்ப எதுல மாட்டுவ?" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. அத்தை குனிந்து பார்த்தாள். பெயிண்ட் மட்டும் பளபளவென்றுதான் இருந்தது.

"நல்லாத்தானடி கீது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். படித்த பெண்ணான நான் ஆமாம் என்று சொன்னால் போதும் என்பது போல நின்றாள்.

வண்டி இரும்புக் கடைக்குப் போனது. அத்தை இறால் கொட்டகைக்குப் போனாள்.

போன ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவின் சைக்கிளுக்கும் என் ஸ்பேனர்களுக்கும் பொட்டு வைத்து முடித்தபின் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. மேசையிலிருந்து இந்தத் துண்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் வெள்ளையாக ஊறி வெடித்திருந்த விரலில் சந்தனத்தைத் தொட்டு, வண்டியின் நெற்றியில் வைப்பது போலவே அழுத்தி வைத்தாள். பெயிண்ட் உடைந்து விரல் நுனி உள்ளே இறங்கியது.

சற்று நேரம் விரலை வெளியே எடுக்காமல் நின்றாள். பிறகு, "வுடு" என்றாள்.

சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. துண்டு இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது. ஓட்டையைச் சுற்றிலும் பெயிண்ட் அப்படியே பளபளக்கிறது.