ஆபீஸ் என்று சொன்னேன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில், சிறப்பாசிரியர் பயிற்சி முடித்த கையோடு வேலையும் கிடைத்துவிட்டது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பழக்கி, முடிந்தால் பள்ளியில் சேர்ப்பது என் வேலை. சாத்தூரில் டவுன் பஸ் ஏறினால் நாளுக்கு இரண்டு ஊர், மூன்று பிள்ளைகள். தோளில் ஒரு பை. அதற்குள் பந்து, மணிகள், குச்சி செருகும் மரப்பலகை.

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தொழிற்சாலைதான்; தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் பட்டாசு ஆபீஸ். என் அம்மா தூக்குச்சட்டியோடு போய்வந்தது அந்த ஆபீஸுக்குத்தான். எனக்கு வாய்த்ததோ நாற்காலியும் பதிவேடும் இருக்கிற ஆபீஸ். அதனால் யாரைப் பார்த்தாலும் “எங்க ஆபீஸ்ல” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த ஊர்க்காரியான எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அதை மாற்றி வைத்துக்கொண்டேன்.

தாயில்பட்டியில் எனக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு நாலைந்து சொற்கள், கைவிரல்கள் மடங்கியே இருக்கும். அப்பா லாரியில் லோடு ஏற்றப் போவார். அம்மா வீட்டில் இருந்தபடி, பட்டாசுக்கான, வெடிமருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய்களை இரும்பு வளையத்துக்குள் நிறுத்தி அடுக்கிக் கொடுப்பார். குழாய் நிறைந்த வளையங்களைக் கம்பெனி ஆள் வந்து எடுத்துப் போவான்.

முதல் நாள் நான் தெருவில் நுழைந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

“ஏலே, குழாயை உள்ள தள்ளுங்க! வீட்ல பட்டாசு வேல பாக்கோம்னு கேசு எழுத ஆளு வந்துட்டாக!”

“கேசு எழுத வரலக்கா. ஆபீஸ்லருந்து வந்திருக்கேன். இந்தப் பிள்ளைக்குக் கை பழக்க.”

அதுதான் நான் அந்தத் தெருவில் பேசிய முதல் வார்த்தை.

மரப்பலகையைக் கொடுத்தால் பிள்ளை வீசி எறிந்தாள். மணியைக் கொடுத்தால் வாயில் போட்டாள். அவள் கண் போனதெல்லாம் அம்மாவின் வளையத்துக்குத்தான். சரி, பாடம் அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு குழாயை எடுத்து அவள் விரலிடுக்கில் வைத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடித்தால் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது.

வாரம் இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து குழாய் அடுக்கினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நாங்க அஞ்சாப்புத் தாண்டாமலே குழாய் அடுக்குறோம். இந்த டீச்சர் பிள்ளை காலேசு வரைக்கும் போயி அடுக்குது பாரேன்!”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஐந்தாவது மாதம் பிள்ளை ஒரு குழாயைத் தானாக எடுத்து நிறுத்தினாள். மாசி மாதத்தில் ஒரு வளையத்தை முழுசாக நிறைத்தாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்.

பிள்ளையின் அம்மாவிடம் அந்தச் செய்தியைச் சொல்ல ஓடினேன்.

“அக்கா, எங்க ஆபீஸ்ல பேசி முடிச்சாச்சு. ஜூன் மாசம் சேத்துரலாம். உக்காந்து செய்யிற அளவுக்குக் கை பழகிருச்சுல்ல.”

அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறு வெள்ளிக்கிழமையே இருக்கன்குடிக்குப் போய், வெள்ளித் தகட்டில் செய்த கை ஒன்றை மாரியம்மனுக்குக் காணிக்கை போட்டுவிட்டு வந்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று வாசலில் காத்திருந்தேன். மணி அடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே போன பிறகும் அவர்கள் வரவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

பிள்ளை தலைக்குக் குளித்து, புதுப் பாவாடை சட்டையில், பூ வைத்து வாசலில் நின்றாள். கையில் தூக்குச்சட்டி. அம்மா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர். ஆறு மணிக்கே ரெடியாயிட்டோம். ஆபீஸ் வேன் இன்னும் வரலியே?”

அவர் கேட்டது பட்டாசு ஆபீஸ் வேனை என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சேர்ப்பது பள்ளிக்கூடத்தில் என்று சொன்னேன்.

“பள்ளிக்கூடமா? ஆறு வயசுல சேத்தோம். உக்கார மாட்டேங்கான்னு மறுநாளே திருப்பி விட்டுட்டாக.” அவர் குரல் உயரவில்லை. “நீங்க ஆபீஸ்னுதான சொன்னீக டீச்சர்? பிள்ளை கைய குழாயிலதான பழக்குனீக?”

“ஆமாக்கா. ஆனா நான் சொன்னது...”

“நான் கண்ண மூடிட்டா இவளுக்கு யாரு சோறு போடுவா? ஒரு ஆபீஸ்ல உக்கார எடம் இருந்தா, நாலு பொம்பளைக பாத்துக்கிடுவாகன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்.”

உரிய வயது வராத பிள்ளையை ஆபீஸில் சேர்ப்பது தப்பு என்று சட்டம் சொல்லலாம். அதை விட்டுவிட்டு, “ஒரு நாள் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாருங்கக்கா” என்று கெஞ்சினேன்.

“இன்னொருக்கா அங்க போயி அவமானப்பட முடியாது டீச்சர். கோவிச்சுக்கிடாதீக” என்றவர், பிள்ளையின் தலையிலிருந்து பூவை எடுத்தார். புதுச் சட்டையைக் கழற்றிப் பழையதை மாட்டினார். பிள்ளை தூக்குச்சட்டியை மட்டும் விடவில்லை. வேன் வரும் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் போனேன். பிள்ளைக்கென்று தனியாக ஒரு வளையம் வந்திருந்தது. அவள் விரல்கள் என்னைவிட வேகமாக ஓடின. மூன்றாவது வாரம் அந்த அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்து, “இவளுக்குத்தான் கை வந்துருச்சுல்ல. வேற பிள்ளைக்குப் போங்க டீச்சர்” என்றார். கோபம் துளிகூட இல்லை. நன்றியாகவே சொன்னார்.

மாதக் கடைசியில் பதிவேட்டை நிரப்ப வேண்டும். பள்ளியில் சேராததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, “பெற்றோருக்கு விருப்பமில்லைன்னு எழுதுங்க, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க” என்றார்.

அப்படியே எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு.